விகடகவியும் வேலைத் தேர்வும்

வலைக்குப் பின்னால் – 12

2025 மார்ச் மாதம் மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் ஒரு போட்டியின் முடிவை வெளியிட்டது. இந்தியாவுக்கென்று ஒரு பிரவுசர் உருவாக்கும் போட்டி அது. முதல் பரிசு ஒரு கோடி ரூபாய். வென்றது தென்காசியிலும் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனத்தின் ‘உலா’. செய்தி வந்த நாட்களில் தென்காசிப் பக்கம் என்னைப் பார்த்தவர்கள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “நம்ம ஊர்க் கம்பெனி பிரவுசரே செஞ்சுட்டாங்களாமே! இனிமே கூகுள் வேண்டாம்லா?”

தினமும் பிரவுசரோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிற எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. குற்றால சீசனையும் பார்டர் பரோட்டாவையும் மட்டுமே வைத்துப் பேசப்பட்ட ஓர் ஊரில், மளிகைக் கடை அண்ணாச்சி பிரவுசரைப் பற்றிக் கேட்கிறார். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு வரியில் சொல்ல முடியாததால் இந்த வாரம் முழுவதும் அதற்கே.

பிரவுசர் என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு பொருட்கள். ஒன்று, கண்ணுக்குத் தெரிகிற மேல்கூடு: முகவரிப் பட்டை, டேப்கள், புக்மார்க், செட்டிங்ஸ். மற்றொன்று எஞ்சின். தளம் அனுப்பும் ஹெச்.டி.எம்.எல். எழுத்துகளைப் படித்து, சி.எஸ்.எஸ். சொல்லும் அலங்காரத்தைக் கணக்கிட்டு, எந்தச் சொல் எந்தப் புள்ளியில் விழ வேண்டும், வரி எங்கே மடங்க வேண்டும் என்று முடிவு செய்து திரையில் வரைவது அதுதான். இன்று உலகத்தில் பெரிய அளவில் ஓடுகிற எஞ்சின்கள் மூன்றே மூன்று. கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மோசில்லாவின் கெக்கோ. பயர்பாக்ஸ் கெக்கோவில் ஓடுகிறது, சஃபாரி வெப்கிட்டில் ஓடுகிறது. குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி எல்லாமே பிளிங்க்தான். தனி எஞ்சின் வைத்திருந்த ஓபரா 2013-இல் அதைக் கைவிட்டது. மைக்ரோசாஃப்டே தன் எஞ்சினைக் கைவிட்டு 2020 ஜனவரியில், குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தின் மேல் கட்டிய எட்ஜை வெளியிட்டது. அத்தனை பணமும் ஆளும் இருந்த கம்பெனிக்கே கட்டுப்படியாகாத வேலை அது.

2023-இல் வெளிவந்த உலாவும் குரோமியத்தின் மேல் கட்டியதுதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. குரோமியம் திறந்த மூலம், எடுத்து மாற்றிக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. நம்மைப் பின்தொடரும் விளம்பர நிரல்களைத் தடுக்கும் வசதியை உலா உள்ளேயே கொடுக்கிறது. அலுவலகம், சொந்த வேலை, குழந்தைகள், டெவலப்பர் என்று தனித்தனி முறைகள் வைத்து, ஒன்றில் நடப்பது இன்னொன்றுக்குத் தெரியாமல் பிரிக்கிறது. வீட்டில் ஒரே கணினியைப் பிள்ளையும் அப்பாவும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிற நம் ஊர் வழக்கத்துக்கு இது நிஜமாகவே உதவும்.

போட்டியில் சான்றிதழ்கள் பற்றி அரசு கேட்ட ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மேல்கூட்டைக் கையில் வைத்திருப்பதன் பலம் அதில்தான் தெரிகிறது. ஒரு தளம் தன்னை வங்கி என்று சொன்னால் அது அந்த வங்கிதான் என்று பிரவுசர் எப்படி நம்புகிறது? யார் கொடுத்த சான்றிதழை நம்பலாம் என்று ஒரு பட்டியல் அதற்குள் இருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்திருப்பவை கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், மோசில்லா. இந்திய அரசின் மூலச் சான்றிதழுக்கு அதில் உறுதியான இடம் இல்லை. காரணமும் நம்மிடம்தான் இருக்கிறது. 2014 ஜூலையில் தேசியத் தகவல் மையத்தின் சான்றிதழ்ப் பிரிவிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்தது கண்டுபிடிக்கப்பட்டது. நம்பிக்கை அன்றைக்கு உடைந்தது. சொந்தப் பிரவுசர் இருந்தால் சொந்தப் பட்டியலும் வைத்துக்கொள்ளலாம் என்பது போட்டிக்குப் பின்னால் இருந்த எண்ணங்களில் ஒன்று. எண்ணம் சரி. ஆனால் வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழையும் பொதுவெளியில் பதிவு செய்து எவரும் சோதித்துப் பார்க்கும்படி வைத்தால்தான் அது சரி. இல்லாவிட்டால் 2014 மறுபடியும் நடக்கும், அதைக் கண்டுபிடிக்கவும் வெளியே ஆள் இருக்காது.

ஆக, அண்ணாச்சிக்கு என் பதில் இது: மேல்கூடு நம்முடையது, எஞ்சின் இன்னும் கூகுளுடையது. எஞ்சினில் என்ன இருக்க வேண்டும், என்ன போக வேண்டும் என்ற முடிவு தென்காசியிலோ சென்னையிலோ டெல்லியிலோ எடுக்கப்படுவதில்லை. அந்த முடிவு நம் வீட்டுக்குள் எப்படி வந்து விழுகிறது என்பதை, பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்களான ஆட்-ஆன்களின் கதையை வைத்துச் சொல்வதுதான் எளிது.

இன்று நாற்பதைத் தொடுகிறவர்களுக்கு பிரவுசிங் சென்டர் நினைவிருக்கும். மணிக்கு இத்தனை ரூபாய் என்று நோட்டில் எழுதிக்கொண்டு உட்காரும் அறை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-ஐத் திறந்தால் பாதித் திரையை டூல்பார்கள் அடைத்திருக்கும். யாஹூ ஒன்று, கூகுள் ஒன்று, எப்போது வந்ததென்றே தெரியாத வேறு இரண்டு. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை 2004-இல் கூகுளில் சேர்ந்து ஆரம்பத்தில் பார்த்த வேலை அந்தக் கூகுள் டூல்பார்தான். அடுத்தவர் பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஆட்-ஆன். வீட்டுக்காரர் நினைத்தால் எந்த நாளும் வெளியே தள்ளலாம் என்ற அச்சம் கூகுளுக்கு இருந்தது. சொந்தமாகவே ஒரு பிரவுசர் வேண்டும் என்ற வாதம் அங்கிருந்துதான் வலுத்தது. 2008 செப்டம்பரில் குரோம் வந்தது, அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர்களில் பிச்சை முக்கியமானவர். ஆட்-ஆனாக வாடகைக்கு இருந்த கஷ்டத்தை உணர்ந்துதான் கூகுள் வீடு கட்டியது. பிற்பாடு அதே வீட்டில் அடுத்தவரின் ஆட்-ஆன்களை அது எப்படி நடத்தியது என்பதற்கு வருகிறேன்.

தமிழுக்கு ஆட்-ஆன் செய்த நன்மையை இன்றைய தலைமுறை அறியாது. யூனிகோட் பரவாத நாட்களில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் ஒவ்வொரு எழுத்துருக் குறியீட்டில் இருந்தது. எக்ஸ்ப்ளோரரில் மட்டும் தானாக இறங்கும் எழுத்துரு ஒன்றை வைத்துச் சமாளித்தார்கள். பயர்பாக்ஸில் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்து கொட்டிக் கிடக்கும். அப்போது ‘பத்மா’ என்றொரு பயர்பாக்ஸ் ஆட்-ஆன் வந்தது. பக்கத்தில் இருக்கிற பழைய குறியீட்டை, பிரவுசருக்குள்ளேயே, நாம் படிக்கும் நேரத்திலேயே யூனிகோடாக மாற்றிக் கொடுக்கும். தமிழும் தெலுங்கும் இன்னும் சில இந்திய மொழிகளும் அதில் வேலை செய்தன. தளம் நடத்துகிறவரைக் கெஞ்ச வேண்டியதில்லை, மோசில்லாவுக்கு மனு போட வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல், கோவை செம்மொழி மாநாட்டின்போது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, வாசகன் பக்கத்தில் நின்று அந்த வேலையைச் செய்தது ஒரு ஆட்-ஆன்.

என் தலைமுறை டெவலப்பர்கள் வலையைக் கற்றதும் அப்படித்தான். 2006-இல் ஜோ ஹியூவிட் ‘ஃபயர்பக்’ என்ற ஆட்-ஆனை வெளியிட்டார். எந்தப் பக்கத்திலும் ஒரு பெட்டியின் மேல் சொடுக்கினால் அதன் உள்கட்டு முழுக்கக் கண்முன் விரியும். எண்ணை மாற்றினால் அந்த நொடியே திரை மாறும். பெரிய கல்லூரியும் தெரிந்த ஆளும் இல்லாத பையன், உலகத்தின் சிறந்த தளங்களைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். இன்று எல்லா பிரவுசரிலும் எஃப் 12 அழுத்தினால் வருகிற டெவலப்பர் கருவிகளுக்கு வழி காட்டியது ஃபயர்பக். எனக்கு அது ஆசிரியர்.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகக் குறுகின. 2017 நவம்பரில் பயர்பாக்ஸ் 57 வந்தபோது பழைய முறையில் எழுதிய ஆட்-ஆன்கள் அனைத்தும் ஒரே நாளில் செயலிழந்தன. பிரவுசரின் எந்த உறுப்பையும் தொடலாம் என்ற சுதந்திரம் போய், கொடுத்த ஜன்னல் வழியாக மட்டும் கை நீட்டலாம் என்றானது. பாதுகாப்பும் வேகமும் காரணம், அது நியாயமான காரணமும்தான். திறந்து கிடந்த கதவால் வந்த தீமைக்கும் சான்று உண்டு. பயன்படுத்தாத டேப்களைத் தூங்க வைக்கும் ‘தி கிரேட் சஸ்பென்டர்’ என்ற ஆட்-ஆனை இருபது லட்சம் பேர் வைத்திருந்தார்கள். எழுதியவர் 2020-இல் அதை வேறொருவருக்கு விற்றார். வாங்கியவர் உள்ளே வேறு நிரலைச் சேர்த்தார். 2021 பிப்ரவரியில் கூகுள் அதை முடக்கியது. ‘எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ என்று நிறுவும்போது ஒரு எச்சரிக்கை வருமே, அந்த ஒரு வரிக்குள் நம் பேங்க் கணக்குப் பக்கமும் அடக்கம். படிக்காமல் அழுத்தாதீர்கள்.

கூகுள் கொண்டுவந்த ‘மேனிஃபெஸ்ட் வி3’ விதியும் பாதுகாப்பின் பெயரில்தான் வந்தது. முன்பு விளம்பரத் தடுப்பான் ஒன்று பக்கம் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் நிறுத்தி, பார்த்து, தன் மூளையால் முடிவெடுக்கலாம். இப்போது அது ஒரு பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், தடுக்கும் வேலையை குரோமே செய்யும். ரேமண்ட் ஹில் சம்பளமில்லாமல் ஆண்டுக்கணக்கில் பராமரித்த ‘யுபிளாக் ஆரிஜின்’ அதன் முழு வடிவில் குரோமில் ஓட முடியாமல் போனது. விளம்பரத்தில் சம்பாதிக்கும் நிறுவனம் விளம்பரத் தடுப்பானின் எல்லையை வரைகிறது. இது முறையல்ல என்பது என் உறுதியான கருத்து. பழைய முறைக்கான நிரலைக் குரோமியத்திலிருந்து எடுத்துவிட்டால், அதன் மேல் கட்டிய எல்லோரும் ஒன்று அதை விட வேண்டும், இல்லை அந்தச் சுமையைத் தனியே தூக்க வேண்டும். உலாவுக்கும் இதேதான் நிலை. தூக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. தூக்க ஆள் வேண்டும். எஞ்சினுக்குள் இறங்கி, கோடிக்கணக்கான வரிகளுக்கு நடுவே எந்த வரியைத் தொட்டால் எது அறுந்து விழும் என்று தெரிந்த ஆள்.

அந்த ஆளை எங்கே தேடுவது? அங்கேதான் வேலைத் தேர்வு வருகிறது.

தென்காசி மாவட்டத்தில் பல வீடுகளின் கதை ஒன்றுதான். அம்மா பீடி சுற்றுகிறார், அப்பா வயலிலோ கேரளத்திலோ வேலை பார்க்கிறார், மகன் அல்லது மகள் இன்ஜினியரிங் முடித்திருக்கிறார். முடித்ததும் சாயங்காலம் செங்கோட்டையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி விடிகாலையில் சென்னையில் இறங்கி, பல்லாவரத்திலோ வேளச்சேரியிலோ அறை எடுத்து, வாக்-இன் வரிசைகளில் நிற்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி மூன்றிலும் 60 சதவீதம் இருக்க வேண்டும், அரியர் இருக்கக் கூடாது. அந்தச் சல்லடையில் தங்கினால் ஆன்லைன் தேர்வு. அதையும் தாண்டினால் ஹெச்.ஆர். ரவுண்டில் ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ வந்து நிற்கும். நிரல் நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளைகள் அந்த இடத்தில் ஆங்கிலம் தட்டி உட்கார்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இந்தச் சல்லடையை ஒதுக்கிவைத்துப் பார்த்த ஒரு முயற்சி நம் ஊரிலேயே நடந்தது. 2011-இல் ஜோஹோ தென்காசியில் ஒரு சிறிய அலுவலகம் திறந்தது. பிற்பாடு அது மத்தளம்பாறைக்குப் போய், மலையடிவாரத்தில் பெரிய வளாகமானது. வாடிக்கையாளர் சேவைக்கான ‘ஜோஹோ டெஸ்க்’ என்ற மென்பொருள் தென்காசியில் உருவாகி உலகம் முழுக்கப் போனது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-இல் மத்தளம்பாறையிலேயே வந்து தங்கினார். இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது அவர்களுடைய பள்ளி. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமாவோ முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல், மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்து, இரண்டு ஆண்டுகள் கணிதமும் புரோகிராமிங்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்து வேலைக்கு எடுக்கிறார்கள். சென்னையில் ஆறு மாணவர்களோடு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அந்த ஏற்பாடு தென்காசிக்கும் வந்தது. பட்டம் இல்லாமலும் உலகத் தரத்தில் மென்பொருள் எழுத முடியும் என்பதை வாதமாக இல்லாமல் சம்பளப் பட்டியலாகவே காட்டிவிட்டார்கள்.

ஆனால் ஒரு கம்பெனி மாறினால் போதாது. மற்ற எல்லா இடத்திலும் கேட்கப்படும் கேள்விகளைப் பாருங்கள். மனப்பாடத்தைச் சோதிக்கும் புதிர்கள்தான் அதிகம். 2015-இல் மேக்ஸ் ஹோவெல் என்பவர் கூகுள் நேர்காணலில் தோற்ற கதை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. மேக் கணினிகளில் டெவலப்பர்கள் தினமும் பயன்படுத்தும் ‘ஹோம்ப்ரூ’வை எழுதியவர் அவர், கூகுளுக்குள்ளேயே பெரும்பாலானோர் அதைத்தான் வைத்திருந்ததாக அவரே எழுதினார். பலகையில் ஒரு பைனரி மரத்தைத் தலைகீழாக்க வரவில்லை என்று அனுப்பப்பட்டார்.

என் கையில் இருக்கும் கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். நம் கல்லூரிகளில் புரோகிராமிங் படித்த எவருக்கும் பாலிண்ட்ரோம் தெரியும். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் சொல்லைக் கண்டுபிடிக்கும் நிரல் அது. நான் உட்காரும் நேர்காணல்களில் அந்த நிரலை எழுதச் சொல்வேன். ‘மேடம்’, ‘லெவல்’ என்ற ஆங்கிலச் சொற்களைப் போட்டுச் சரியாக ஓடிக் காட்டுவார்கள். பிறகு “விகடகவி போட்டுப் பாருங்க” என்பேன். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும், இருபக்கமும் ஒன்றாக வரும் சொல். நிரல் இல்லை என்று சொல்லும்.

ஏன்? நமக்கு விகடகவி ஐந்து எழுத்து: வி, க, ட, க, வி. ஜாவாஸ்கிரிப்டுக்கு அது ஏழு. ‘வி’ என்பது யூனிகோடில் வகரம் ஒன்று, அதன் பின்னால் வரும் இகரத்தின் மேல்விலங்கு ஒன்று என இரண்டு குறிகள். அப்படியே திருப்பினால் முதலில் தனி மேல்விலங்கு வந்து நிற்கும், வகரம் அதற்குப் பின்னால் போகும். ‘சி’ மொழியில் எழுதினால் இன்னும் மோசம். யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆக 21 பைட். அதைத் திருப்பிப் போட்டால் தமிழே இருக்காது, குப்பைதான் மிஞ்சும்.

இந்த இடத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் என்ன செய்கிறார் என்பதில்தான் எனக்கு ஆர்வம். சிலர் “தமிழுக்கு வொர்க் ஆகாது சார்” என்று விட்டுவிடுவார்கள். சுரண்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, “சார், எழுத்துன்னா நீங்க எதச் சொல்லுதீய?” என்று கேட்டார். அவருடைய ரெஸ்யூமேயில் அரியர் இருந்தது. ஆனால் அந்தக் கேள்விதான் எஞ்சின் எழுதுகிறவர்கள் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. வாசகர் பார்க்கும் எழுத்து எது, கணினி சேமிக்கும் குறி எது, அழிப்பான் விசையைத் தட்டினால் எது போக வேண்டும், வரியின் கடைசியில் எங்கே உடைக்கலாம். ‘கொ’வில் ககரத்துக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் நிற்கின்றன, சேமிப்பில் இரண்டும் சேர்ந்து ஒரே குறி. திரையில் அதைப் பிரித்து இருபுறமும் வைக்கும் வேலையைக் குரோமிலும் பயர்பாக்ஸிலும் ‘ஹார்ஃப்பஸ்’ என்ற திறந்த மூல நிரல் செய்கிறது. எழுத்தை வாசகன் பார்க்கிறபடி பிரித்துத் தரும் ‘செக்மென்டர்’ என்ற வசதி குரோமுக்கு 2020-இலும் பயர்பாக்ஸுக்கு 2024-இலும்தான் வந்தது. அதைப் பயன்படுத்தினால் விகடகவி ஐந்தாகப் பிரியும், நிரலும் ஆமாம் என்று சொல்லும். இவ்வளவு அடிப்படையான வசதி எல்லாப் பெரிய பிரவுசர்களிலும் கிடைக்க 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எஞ்சின்களுக்குள் எது முதலில் என்று வரிசைப்படுத்தும் மேசையில் நம் ஆட்கள் போதிய அளவு இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் பெண்ணைப் போன்றவர்களைக் கண்டுபிடிக்கத்தான் தேர்வு. இப்போதைய போக்கு எதிர்த்திசையில் போகிறது. ஆன்லைன் தேர்வு எழுதுகிறவர் பிரவுசரில் ஒரு கண்காணிப்பு ஆட்-ஆனை நிறுவ வேண்டும் என்கிறார்கள். அது கேமராவைப் பார்க்கும், டேப் மாறினால் எண்ணும். கண் பக்கவாட்டில் திரும்பினால் குறித்துவைக்கும் கருவிகளும் இருக்கின்றன. சாரல் நாட்களில் கரண்ட் போய்ப் போய் வரும் வீட்டில், ஒரே அறையில் தம்பி தங்கைகள் இருக்க, ஒரு பிள்ளை அசையாமல் திரையை வெறித்துக்கொண்டு தன்னை நிரூபிக்க வேண்டும். மறுபக்கம், திரையில் தெரியாமல் விடை சொல்லிக்கொடுக்கும் ஏ.ஐ. கருவிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. ஒரு காலத்தில் வாசகனுக்காக உழைத்த ஆட்-ஆன் இப்போது அவனை வேவு பார்க்கிறது. என் யோசனை எளிமையானது. பழுதுள்ள ஒரு சின்ன ஆட்-ஆனைக் கொடுங்கள், ஒரு நாள் நேரம் கொடுங்கள், இணையத்தில் தேடிக்கொள்ளட்டும், ஏ.ஐ.யிடமும் கேட்டுக்கொள்ளட்டும். மறுநாள் அரை மணி நேரம் தமிழில் பேசுங்கள். எங்கே தேடினாய், ஏன் இதை மாற்றினாய், அதை ஏன் விட்டாய்? நகலடித்தவர் மூன்றாவது கேள்வியில் நின்றுவிடுவார். ஆங்கிலத்தை வேலைக்கு வந்தபின் கற்கலாம், இந்தத் துருவும் புத்தியைக் கற்பிப்பது கடினம்.

எஞ்சின் வேலை அமெரிக்கப் பெருநகரங்களுக்கு மட்டும் உரியது என்று நினைப்பவர்களுக்காக ஒரு ஊரைச் சொல்கிறேன். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் கரையில், மாட்ரிட்டிலிருந்து ஐநூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது ஆ கொரூனா. காலங்காலமாகப் பிழைப்புத் தேடி இளைஞர்கள் வெளிநாடு போன கலீசியப் பகுதி அது. தனி மொழியும் உண்டு. 2001-இல் அங்கே ‘இகாலியா’ என்றொரு நிறுவனம் தொடங்கப்பட்டது. முதலாளி கிடையாது, வேலை செய்கிறவர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவு. முடிவுகள் உறுப்பினர் கூட்டத்தில் எடுக்கப்படுகின்றன. இன்று பிளிங்கிலும் வெப்கிட்டிலும், அந்த எஞ்சின்களின் சொந்தக்காரர்களுக்கு அடுத்தபடியாக அதிகம் பங்களிப்பவர்களில் அவர்கள் இருக்கிறார்கள்.

வலைப்பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து அடுக்கும் சி.எஸ்.எஸ். கிரிட் என்ற வசதியைப் பிளிங்கிலும் வெப்கிட்டிலும் எழுதியவர்கள் அவர்கள். ப்ளூம்பெர்க் நிறுவனம் தனக்குத் தேவை என்று பணம் கொடுத்தது, 2017 மார்ச்சில் அது உலகத்துக்கே கிடைத்தது. இந்தச் சில ஆண்டுகளில் நான் கட்டிய பெரும்பாலான பக்கங்கள் அவர்கள் எழுதிய வரிகளின் மேல்தான் நிற்கின்றன. கணிதச் சமன்பாடுகளை வலைப்பக்கத்தில் நேரடியாக எழுதும் மேத்.எம்.எல். வசதியைக் குரோமுக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் அவர்களே, 2023 ஜனவரியில். கூகுள் தனக்கு அவசரமில்லை என்று தள்ளிவைத்திருந்த வேலையை, வெளியே ஒரு கூட்டுறவு எழுதி உள்ளே சேர்த்தது. எஞ்சின் கூகுளுடையதாக இருக்கலாம். அதற்குள் போய் எழுதத் தெரிந்தவன் சொல்வதைக் கூகுளும் கேட்டாக வேண்டியிருக்கிறது.

சென்னையிலிருந்து தென்காசியும் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல்தான். இங்கே இணைப்பு இருக்கிறது, பயிற்சி கொடுத்து ஆள் உருவாக்கிய அனுபவம் இருக்கிறது, வீட்டு வாடகை சென்னையைவிடப் பல மடங்கு குறைவு. மலைக்கு அந்தப் பக்கம் கொல்லம் போகும் சாலையில் கொட்டாரக்கரையில் 2025 ஜூலையில் ஜோஹோ ஓர் ஆய்வு மையத்தைத் திறந்தது. செங்கோட்டையிலிருந்து கொட்டாரக்கரை வரைக்கும் ஒரே மலைத்தொடரின் இரு பக்கமும் எஞ்சின் வேலை தெரிந்த ஐம்பது பேர் உருவானால் என்ன ஆகும் என்று யோசிக்கிறேன். தமிழ், மலையாளம் இரண்டுக்கும் எழுத்துப் பிரிப்பு, வரி உடைப்பு, தேடல், குரல்வழி வாசிப்பு எல்லாவற்றையும் அவர்களே எழுதி அனுப்பலாம். யுபிளாக் போன்ற தடுப்பான்களுக்கு உலாவில் முழு இடம் கொடுத்து அந்தச் சுமையையும் தூக்கலாம்.

அரசு ஒரு கோடி கொடுத்தது ஒருமுறைப் பரிசு. எஞ்சின் வேலைக்குத் தேவை ஆண்டுதோறும் வரும் சம்பளம். தமிழ்நாடு அரசு தமிழ்க் கணிமைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் புதிய ஆப்களுக்குக் கொடுக்காமல், ப்ளூம்பெர்க் செய்ததுபோல் குறிப்பிட்ட ஒரு குறையைத் தீர்க்கக் கொடுக்கலாம். குறைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழ் எழுத்து வலையில் எங்கெல்லாம் சரியாக அமையவில்லை என்று, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு ஓர் ஆவணத்தைப் பொதுவெளியில் வைத்திருக்கிறது. எவரும் படிக்கலாம், சேர்க்கலாம், மறுக்கலாம். புதிதாக வருகிறவர்கள் கை வைக்கத் தோதான பழுதுகளை மோசில்லா தனியே அடையாளமிட்டு வைத்திருக்கிறது. ‘சர்வோ’ என்ற புதிய எஞ்சினையும் ‘லேடிபேர்ட்’ என்ற இன்னொன்றையும் தன்னார்வலர்களும் சிறு குழுக்களும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய எஞ்சின்களைவிட அங்கே நுழைவது எளிது, கற்பதற்கும் அது நல்ல இடம்.

பயிற்சிப் பள்ளிகள் வைத்திருக்கும் கம்பெனிகளிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இரண்டாம் ஆண்டில் மாணவர்களைச் சொந்தப் பொருள்களின் குழுக்களில் போடும்போது, வகுப்புக்கு நாலைந்து பேரையாவது முழு ஆண்டும் எஞ்சினுக்குக் கொடுங்கள். முதல் ஆறு மாதம் ஒரு வரிகூட ஏற்கப்படாமல் திரும்பி வரலாம். அந்தத் திட்டங்களில் அனுப்பும் ஒவ்வொரு திருத்தத்தையும் முன்பின் தெரியாத ஒருவர் உலகத்தின் வேறு மூலையிலிருந்து வரி வரியாகப் படித்து, இது ஏன், அது எதற்கு, இதற்குச் சோதனை எங்கே என்று கேட்பார். பதில் சொல்லித் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். அவருக்கு நம் பிள்ளையின் மதிப்பெண் தெரியாது, ஊர் தெரியாது, அரியர் தெரியாது. அவர் முன்னால் இருப்பது நிரல் மட்டுமே. நம் கம்பெனிகளும் நேர்காணல் மேசையில் அப்படி ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டும்.

(தொடரும்)